பை எப்போது வந்தது, அப்பா?

என் அப்பாவுக்கு,

நீங்கள் எதிரில் இருந்தபோது சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை பேசாத மகள், இப்போது பேச உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் எம்.ஏ. வகுப்பில் 'சாக்' (sack) என்ற இங்கிலீஷ் வினைச்சொல்லைப் பற்றிச் சொன்னார்கள். வேலையை விட்டு நீக்குவது என்று பொருள். 'சாக்' என்றால் முதலில் பைதானாம். அந்தக் காலத்துத் தொழிலாளிகள் சொந்தக் கருவிகளைப் பையில் போட்டு வேலையிடத்தில் வைத்திருப்பார்களாம். நீக்கினால் பையைக் கையில் கொடுத்துவிடுவார்களாம். அதிலிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு உங்கள் பைதான் ஞாபகம் வந்தது.

சிமென்ட் ஆலைச் சூளையில் செங்கல் பதிக்கும்போது சாரத்திலிருந்து நீங்கள் விழுந்தது செவ்வாய்க்கிழமை. "திங்கக்கெழமையே நிறுத்தியாச்சு. கேக்காம வந்து ஏறிட்டாரு" என்கிறார் கான்ட்ராக்டர். அப்படியானால் பை?

உங்கள் காரியம் முடிவதற்கு முன்பே கான்ட்ராக்டரின் மேஸ்திரி பையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். உட்காரச் சொன்னோம், வாசலிலேயே நின்றார். பைக்குள்ளே உங்கள் கொத்துக் கரண்டி, தூக்குக்குண்டு எல்லாம் இருந்தன.

"ஷெட்லயே கெடந்துச்சுக்கா. தொலைஞ்சிடக் கூடாதுல்ல."

"இவ்ளோ அக்கறை அவங்க உசுரோட இருக்கையில எங்கங்க போச்சு?" என்றார் அம்மா. மேஸ்திரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

போன வருஷம் சித்தப்பாவை நிறுத்தியபோது, இதே மேஸ்திரிதான் கேட்டிலேயே பையைத் திணித்து அனுப்பினார். உங்களுக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை? திங்கட்கிழமை சாயங்காலம் நீங்கள் தூக்குவாளியை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தீர்கள். "நாளைக்கு மேல்வரிசை முடிஞ்சிடும்" என்றீர்கள். வேலை போனவர் பேசுகிற பேச்சா அது?

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "பாத்துப் பேசு பாப்பா. மேஸ்திரி என்னைய மறுபடி வேலைக்குக் கூப்புட்டிருக்காரு" என்றார். ஒரு வருஷமாகக் கூப்பிடாதவர் இப்போது ஏன் கூப்பிடுகிறார்? அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை லேபர் ஆபீசர் விசாரணைக்கு அரியலூர் வருகிறார். யாரும் வாய் திறக்காவிட்டால், கூப்பிடாத இடத்தில் ஏறி விழுந்தவர் என்று உங்களைப் பற்றி எழுதிவிடுவார்கள். மேஸ்திரியும் அங்கே இருப்பார்.

சித்தப்பா வருவாரா, தெரியவில்லை. நான் போகிறேன் அப்பா. பை ஷெட்டிலேயே கிடந்தது, நீங்கள் வேலையில் இருந்தபோதுதான் விழுந்தீர்கள் என்று சொல்வேன். காதில் விழவில்லை என்று ஆபீசர் சொன்னால், இன்னொரு தடவை சத்தமாகச் சொல்வேன்.

உங்கள் மூத்த பொண்ணு,
செல்வி