பழைய தூண் நிற்கும் வரை

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பி,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நாம் சண்டைக்கு நிற்கிறோம். காகிதத்தில் என்றால் நான் திட்டி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

பக்கவாதத்துக்குப் பிறகு உன் மாமா இப்போது கைத்தடியோடு எட்டு அடி நடக்கிறார். வலது கை இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. வாயில் ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். துண்டுகூட இல்லாமல் கிடந்தவரைத் தூக்க எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அதற்கு என்மேல் மூன்று நாள் கோபம்.

முப்பது வருஷம் படகு இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய மனுஷர், இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து காயலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டால் ஒரே சொல்தான்: “படகு.” எப்படி ஏற்றுவது, சொல். என் தையல் கொட்டகைக்குப் பின்னால் படகு நிறுத்தும் நம் மரத்துறையில் பலகையெல்லாம் ஆடுகிறது. தூண்களைப் புழு அரித்துவிட்டது. துறைக்கு வரும் படகுகளுக்குத் தார்ப்பாய் தைக்க அளவெடுக்கப் போகும்போது, இரண்டு காலும் நன்றாக இருக்கிற நானே மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

தூண் மாற்றி, பலகையை அகலமாக்கி, கைப்பிடி வைக்கப்போகிறேன். உங்கள் நீர்ப்பரப்பு அலுவலகத்துக்கு நான்கு நகலோடு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். பேச்சும் நடையும் முதல் ஆறு மாதத்தில் திரும்பி வருகிறதுதான் வரும் என்கிறார் வைத்தியர். அதில் இரண்டு மாதம் போய்விட்டது. நீ அங்கே இருக்கும்போது எனக்கென்ன கவலை? சீக்கிரம் பார்த்து அனுப்பு.

உன் அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

மாமா எட்டு அடி நடந்ததை இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டு ஆனதும் உடனே எழுது.

இனி வருவதைக் கோபப்படாமல் படி. உன் விண்ணப்பம் என் மேஜைக்குத்தான் வந்தது. விண்ணப்பதாரர் என் கூடப்பிறந்தவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை வேறொரு அலுவலருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். விதி அது. இன்னொரு விதியும் இருக்கிறது. விண்ணப்பம் முடிவாகும்வரை அதைப் பற்றி எங்கள் பிரிவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் கோப்பில் வைத்தாக வேண்டும். பதிலின் நகலையும் வைக்க வேண்டும். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். உன் கடிதம் இப்போது பக்கம் 7.

முக்கியமானது இதுதான். உங்கள் காயல் போன வருஷத்திலிருந்து தனிப்பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அங்கே புதிதாக ஒரு குச்சி நடக்கூட அனுமதி கிடையாது. ஏற்கெனவே நிற்பதைப் பழுதுபார்க்கலாம், அதுவும் அனுமதி கையில் வந்த பிறகு, ஒவ்வொரு தூணாக. பழைய தூண் நிற்கும்வரைதான் அது பழைய துறை. முன்கூட்டியே பிடுங்கினால் அந்த உரிமை அன்றோடு போச்சு. அக்கா, ஒரு ஆணியைக்கூடத் தொடாதே. இனி துறையைத் தவிர எதைப் பற்றி வேண்டுமானாலும் எனக்கு எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 20

இந்தக் கோப்பைப் படிக்கும் பெரியோர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் புருஷன் துண்டில்லாமல் விழுந்தது ஊருக்கே தெரியட்டும் என்று பக்கம் 7-ல் வைத்த புண்ணியவான் என் தம்பி. ஆகவே இதையும் ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மேற்படி அலுவலர் ஒன்பது வயது வரை பாய் நனைத்தவர். காலையில் அதை அலசிக் காயப்போட்டது விண்ணப்பதாரர். கணக்குப் பரீட்சையில் எட்டு மார்க் வாங்கியபோது அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்ததும் விண்ணப்பதாரரே. அன்றைக்கு எந்த விதி இருந்ததாம்?

உங்கள் ஆய்வாளர் அம்மாள் வந்தார். நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போனவர் முக்கால் மணி நேரம் கரையேறவில்லை. மாமா ஜன்னலை விட்டு நகரவே இல்லை. வெளியே வந்து, “தூண் பத்து. நடுவுல கடற்புல் நல்லா இருக்குங்க” என்று தன் பிள்ளையைச் சொல்வதுபோலச் சொன்னார். எப்போது முடிவு வரும் என்று கேட்டேன். “தொண்ணூறு நாள் ஆகும்மா.”

தொண்ணூறு நாள்! பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், பத்துத் தூண் போதும். இரண்டு நாளாகத் தைத்த தையலையே பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மாமா “படகு” என்றுகூடச் சொல்லவில்லை. விரலை மட்டும் காட்டினார்.

உன் அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் பக்கம் 12. பிரிவு முழுக்கப் படித்துவிட்டது. தேநீர் கொண்டுவருகிறவர்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பரவாயில்லை, பாய் அலசிய கைக்கு அந்த உரிமை உண்டு.

உனக்கு விளையாட்டாகத் தெரிவது எனக்கு ஏன் அப்படி இல்லை என்று சொல்கிறேன். அந்தப் புல்லுக்குள்தான் மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. மேலே அகலப் பலகை போட்டு நிழல் விழுந்தால் புல் செத்துவிடும். வேரோடு பெயர்ந்தால் மறுபடி மூட ஏழெட்டு வருஷம் ஆகும். அக்கரையில் ஒரு விடுதி நாற்பது படகு நிறுத்தத் துறை கேட்டது. இதே விதியைச் சொல்லித்தான் நான் மறுத்தேன். மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். அவர்கள் வக்கீல் தினமும் எங்கள் வாசிப்பு அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகப் புரட்டுகிறார். யாருக்காவது எங்காவது வளைத்திருக்கிறோமா என்று பார்க்கத்தான். உன் கோப்பையும் பார்த்துவிட்டார்.

ஆய்வாளரின் குறிப்பு உனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. வெளிச்சம் இறங்கும்படி இடைவெளி விட்டுப் பலகை அடிக்கலாம் என்று எழுதியிருக்கிறார். கிடைத்துவிடும் அக்கா. கொஞ்ச நாள். மாமாவிடம் நான் சொன்னேன் என்று சொல். எனக்கும் இங்கே இருப்புக் கொள்ளவில்லை.

உன் தம்பி


மார்ச் 21

என் தம்பிக்கு,

இது அலுவலருக்கு இல்லை. உனக்கு மட்டும். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

போன வியாழக்கிழமை உன் மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு தானாகவே துறைக்குப் போயிருக்கிறார். நான் தையல் மெஷினில் இருந்தேன், சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. பலகை உடைந்து, கால் முழங்கால்வரை உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. கத்த வாய் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாரோ தெரியாது. நான் போனபோது அழுதுகொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. தச்சர்கள் இரண்டு பேர் கிடைத்தார்கள். படகில் கயிறு கட்டி இழுத்துப் பத்துத் தூணையும் பிடுங்கிவிட்டோம். அதே இடத்தில் புதுசு நட்டு, பழசுபோலத் தெரியத் தாரும் பூசியாயிற்று. பத்து இருந்தது, பத்து இருக்கிறது. வந்து எண்ணினாலும் யாருக்கும் தெரியாது.

நேற்றுக் காலை அவரைப் படகில் உட்கார வைத்தேன். இன்ஜின்மேல் இடது கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “இதுக்கு எண்ணெய் மாத்தணும்டி.” முழு வாக்கியம்! நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் எனக்கு எந்தச் சந்தோஷமும் முழுசானதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நீ ஆடுவாய், எனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை எட்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். சட்டை மாற்றும்போது அதையும் மாற்றினேன். மாமா பேசியதைப் படித்து நானும் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கிழிக்க இரண்டு முறை கையில் எடுத்தேன்.

நேற்று அதைக் கோப்பில் வைத்துவிட்டேன். பக்கம் 31.

வைக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்றாய். எனக்குத் தெரியுமே அக்கா. விடுதிக்காரரிடம் ஒரு குச்சி நடக்கூடாது என்று சொன்ன வாய் இதுதான். உனக்காக மூடிக்கொண்டால், அதன்பிறகு நான் யாரிடமும் எதற்கும் முடியாது என்று சொல்லத் தகுதியில்லாதவன். நான் செய்தது சரி. சரி என்று தெரிந்தும் சோறு இறங்கவில்லை.

ஆய்வாளர் மறுபடி வருவார். தூண்களை எடுக்கச் சொல்லி உத்தரவு வரும், முப்பது நாள் அவகாசம். அதன்பிறகு அந்த இடத்தில் துறை வராது. மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பொதுத்துறை இருக்கிறது, மாமாவை அங்கே அழைத்துப்போக நான் ஞாயிறுதோறும் வருகிறேன். தூண் எடுக்கவும் வருகிறேன். என்னை நாலு அறை அறைந்துவிட்டு வேலை வாங்கு. வா என்று ஒரு வார்த்தை எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 30

அலுவலர் அவர்களுக்கு,

உத்தரவு கிடைத்தது. தூண்கள் பத்தும் 28-ம் தேதி அகற்றப்பட்டன. உதவி எதுவும் தேவைப்படவில்லை. ஆய்வுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்


ஜூலை 8

அன்புள்ள அக்கா,

இது நான் பதிலில்லாமல் எழுதும் நான்காவது கடிதம். நீ போனையும் எடுப்பதில்லை. போன மாதம் வாசல்வரை வந்தேன். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, நான் கூப்பிட்டதும் நின்றது. பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தது. அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

விடுதிக்காரர்கள் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வக்கீல் பக்கம் 31-ஐப் படித்துவிட்டு என் மேஜைக்கே வந்தார். “சொந்த அக்காவுக்கே விடல, எங்களுக்கா விடப்போறீங்க?” என்று கைகொடுத்தார். பிரிவில் எல்லோரும் பாராட்டினார்கள். நான் எழுந்து மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

உன் செய்தி எனக்கு இப்போது கோப்பிலிருந்துதான் வருகிறது. ஆய்வாளரின் கடைசி அறிக்கை, பக்கம் 44. தூண் எடுக்கும்போது நீயே மார்பளவு தண்ணீரில் நின்றாய் என்று தச்சர்கள் சொன்னார்களாம். ஓர் அறை அளவுக்குப் புல் பெயர்ந்திருக்கிறது, இன்னும் துளிர்க்கவில்லை. துறை இல்லாமல் படகுகள் வராததால் கொட்டகையில் தைக்க வந்த தார்ப்பாய் இரண்டே இரண்டு. பிறகு ஒரு வரி: “ஜன்னலோரம் நோயாளி ஒருவர் அமர்ந்திருந்தார். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.”

பேச முடியாமலா அக்கா, பேசப் பிடிக்காமலா? அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தாலும் அது தெரியவில்லை. ஆறு மாதம் போன மாதத்தோடு முடிந்துவிட்டது என்று மட்டும் தெரிகிறது. ஆய்வாளரிடம் கேட்கலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். என்னவென்று கேட்பது? என் மாமா எப்படி இருக்கிறார் என்று மூன்றாம் மனுஷியிடமா?

வெள்ளிக்கிழமை உன் கோப்பை மூடுகிறார்கள். அதற்குள் உன் பதில் வந்தால் இந்தக் கடிதத்தோடு அதுவும் ஒரு பக்கம் ஆகும், ஊர் படிக்கும். ஆகட்டும். மூடிய பிறகு அதில் எதுவும் சேராது. உன்னைப் பற்றி எனக்குச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

மாமா பேசுகிறாரா என்று மட்டும் எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

உன் தம்பி