டிக் விழாத நாட்கள்

இருமலிலும் எனக்கு மூத்தவனான என் அண்ணனுக்கு,

பெரம்பலூரிலிருந்து எழுதுகிறேன். உன் மாடி அறையிலிருந்து. நீ நாலு வருஷம் தனியாகச் சமைத்து, துவைத்து, வேலைக்குப் போய் வந்த அதே அறைதான். எனக்குப் போன மாதம் பத்தொன்பது முடிந்தது. உன் ஸ்டவ், உன் வாளி, உன் ஜன்னல் எல்லாம் என் வசம் வந்துவிட்டன. உன் தலையணையை மட்டும் போன வாரம் வரைக்கும் அம்மா தரமாட்டேன் என்றாள்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். நம் இரண்டு பேருக்கும் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளி பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். காலையும் மாலையும் மருந்தை ஆவியாக இழுத்து, நெஞ்சு அதிர ஒரு கருவியை ஊதி, இருமி வெளியேற்ற வேண்டும். மாத்திரை போடாமல் சாப்பிட்டால் செரிக்காது. அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி வாங்கி வந்த சொத்து இது. யாருக்கும் ஒட்டாது.

இந்தக் கடைசி இரண்டு வார்த்தை மட்டும் நம் பெரியப்பா காதில் இத்தனை வருஷமாக நுழையவே இல்லை. அங்கே இடம் ஏது? அவர் குரலே முழுசாக அடைத்துக்கொண்டிருக்கிறது.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "தனியா போனான்ல, அதான். கூட நாலு சனம் இருந்திருந்தா போயிருப்பானா?" வாய் நிறைய வடை வேறு. நம் அரியலூர் ரோட்டில் போகிற சிமெண்டு லாரிகூட அவ்வளவு புழுதி கிளப்பாது. திருச்சி ஆஸ்பத்திரியில் நீ போகும்போது அப்பா உன் கையையும் அம்மா உன் காலையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மட்டும்தான் வரவில்லை. ஒட்டிக்கொள்ளுமாம்.

நோய் யாருக்கும் ஒட்டவில்லை அண்ணா. அவர் சொன்னதுதான் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்கு, அம்மாவுக்கு, கடைசியில் எனக்கும். தனியாக இருந்ததால்தான் போனாயா? இருபத்தாறு வயசில்? நான் பெரம்பலூர் காலேஜில் சேருகிறேன், உன் அறையிலேயே இருக்கிறேன் என்றபோது அம்மா, பெரியப்பா சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லிவிட்டு அழுதாள்.

பெரியம்மா வீட்டு டம்ளர் ஞாபகம் இருக்கிறதா? நாம் குடிக்கிற இரண்டு டம்ளரும் மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்று அடியில் சிவப்பு நகப்பாலிஷால் பொட்டு வைத்திருப்பாளே, அதுதான். நம் நகத்துக்கு ஒரு நாளும் வைத்துவிட்டதில்லை. டம்ளருக்கு மட்டும் மூன்று கோட்டிங்.

ஆவணியில் அவர்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம். முதல் நாளே போய் உதவி செய்கிறேன் என்றேன். செய்தேன். அந்த வீட்டில் இருந்த அத்தனை டம்ளருக்கும் அடியில் சிவப்புப் பொட்டு வைத்தேன். பால் சொம்பைக்கூட விடவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா காபியை அண்ணாந்து குடிக்கப் போனார். பொட்டைப் பார்த்த பெரியம்மா அலறினாள். "அய்யோ, அதுல குடிக்காதீங்க!"

மனுஷன் டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். "ஏங்க, இதுல என்னத்த கலந்துருக்கீங்க?"

பெரியம்மா வேறு டம்ளர் எடுத்தாள். பொட்டு. இன்னொன்று எடுத்தாள். அதிலும் பொட்டு. ஹாலில் ஒரு ஆள்கூடக் காபி குடிக்கவில்லை. நான் மட்டும் அந்த டம்ளரை எடுத்து நிதானமாகக் குடித்து முடித்தேன். சர்க்கரை கம்மி.

பெரியப்பாவுக்கு மீசை துடித்தது. "இதையெல்லாம் வூட்ல வச்சிருக்கவே லாயக்கில்ல!"

"அதத்தான் பெரியப்பா நானும் ஆறு மாசமா சொல்றேன். போயிட்டு வரேன்" என்றேன்.

அப்பா சிரித்துவிட்டார், அண்ணா. நீ போனதற்கப்புறம் முதல் முறையாக. அந்த வாரமே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குன்னம் வழியாகப் போகிற பஸ்ஸில் கூடவே வந்தார்.

இங்கே பால் காய்ச்சிய அன்றைக்கே பெரியப்பா இந்த வீட்டுச் சொந்தக்கார அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். கீழே தையல் மெஷின் போட்டிருக்கிறாரே, அதே அக்காதான். அக்கா ஸ்பீக்கரில் போட்டுத் துணி வெட்டிக்கொண்டே அவர் பேசுவதைக் கேட்டார்.

"பாத்துக்கங்கம்மா, அது ஒரு மாதிரி இருமலு. நாள பின்ன எங்கள கேக்கப்படாது."

"இருமலா? அவங்கண்ணன் காலைல ஆறு மணிக்கு இருமுற சத்தம் கேட்டுதாங்க நான் நாலு வருஷமா பால் வாங்கப் போனேன். அவன் போனப்பறம் விடியறதே தெரியல. நீங்க வைங்க, எனக்கு ஜாக்கெட் இருக்கு."

அப்புறம் என்னிடம் திரும்பினார். "ஆறு மணிக்கு சத்தம் வரலன்னா கதவ தட்டுவேன். பாத்துக்க." தினமும் ஒரு பெண் என் இருமலுக்காகக் காத்திருக்கிறாள். இந்தப் பெருமை பெரியப்பாவின் பேச்சுக்கு உண்டா?

இனி இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் கதவுக்குப் பின்னால் நீ வேலை பார்த்த உரக்கடையின் போன வருஷக் காலண்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு டிக். காலையில் ஊதியதற்கு ஒன்று, மாலையில் ஊதியதற்கு ஒன்று. ஜுரம் என்று எழுதிய நாளிலும் இரண்டு. நடுநடுவே சில கட்டங்கள் மட்டும் காலி.

காலிக் கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினேன். அப்போ பெரியப்பா சொன்னது சரியா? தனியாக இருந்தால் ஏமாற்றத் தோன்றுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஊதாமல் தூங்கியிருக்கிறேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்புறம் தேதியைப் பார்த்தேன். பொங்கல் நாலு நாள். சித்ரா பௌர்ணமி. பெரியப்பா மகன் கல்யாணம். தீபாவளி. நீ இங்கே தனியாக இருந்த ஒரு நாள்கூடக் காலி இல்லை. காலியாக இருந்த அத்தனை நாளும் நீ அரியலூரில், அவர் சொன்ன அந்த நாலு சனத்துக்கு நடுவில் இருந்திருக்கிறாய். "நல்ல நாள் அதுவுமா லொக்கு லொக்குன்னுக்கிட்டு" என்பாரே பெரியப்பா. அதற்குப் பயந்து கருவியைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாயா? என்னிடம்கூடச் சொல்லவில்லையே?

அந்தக் காலி நாட்கள்தான் உன்னைக் கொண்டுபோயின என்று நான் சொல்லமாட்டேன். டாக்டரே அப்படிச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல நான் என்ன பெரியப்பாவா? ஆனால் காலண்டரைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஒரே ஒரு வரி பதில் வந்தது. "தலையணைய அப்பாகிட்ட குடுத்து விடுறேன்."

தையில் பெரியப்பா வீட்டுக் கல்யாணம். கூப்பிடாவிட்டாலும் போவேன். முகூர்த்தத்துக்கு முன்னால் நடுக் கூடத்தில், முதல் வரிசையில், பெரியப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கருவியை எடுத்து நெஞ்சு அதிர ஊதுவேன். நாதஸ்வரக்காரர் வேண்டுமானால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். இருமி முடித்துவிட்டு அங்கேயே டிக் போடுவேன். என் காலண்டரில் எந்த நல்ல நாளும் காலியாக இருக்காது. இது உன்மேல் சத்தியம்.

மணி ஆறாகப் போகிறது. கீழே அக்கா பால் பாத்திரத்தோடு நிற்பார். இருமிவிட்டு வருகிறேன்.

இருமலிலும் டம்ளரிலும் உனக்குப் பங்காளியான
தங்கச்சி