இஞ்சினுக்கும் மஞ்சள் தண்ணீர்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.

அன்புள்ள தர்சிகா,

நான் நல்ல சுகம். உமது முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மருந்தை ஒழுங்காக எடுக்கிறாவா?

கிளிநொச்சிக்கு ஓட்டி வருவேன் என்று சொன்ன காரின் ரோட்டரி இஞ்சினைப் பிரித்துவிட்டேன். முக்கோண ரோட்டரின் முனைகளில் இருக்கும் சீல்கள் தேய்ந்துபோயிருந்தன. அவற்றுக்குப் பதிலாகப் புதிது வாங்கியாயிற்று. ரோட்டரை மூடும் இரும்புத் தட்டுகளை மூன்று கிழமையாகத் தேய்த்து மினுக்கி, விறாந்தையில் அடுக்கிவிட்டு வெள்ளிக்கிழமை துறைமுகத்துக்கு வேலைக்குப் போனேன். எண்ணெய் பூசாமல் விட்டது என் பிழைதான். ஆனால் வீட்டுக்கார அன்ரி வீடு கழுவிய கையோடு என் இஞ்சினுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறா! பின்னேரம் வந்து பார்த்தால் எல்லாம் துரு.

"கண்ணூறு பட்டுத்தான் தம்பி உது ஓடேல்லை. இனி ஓடும், பாருங்கோ" என்றா.

பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓம் அன்ரி" என்றேன். இனி முதலிலிருந்து தேய்க்க வேண்டும். பொங்கலுக்கு பஸ்ஸில்தான் வருவேன். யோசிக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும்: பாகங்களைத் துடைக்க உமது பழைய நூல் சேலை ஒன்று அனுப்பும். நீர் உடுத்துக் களைந்தபடியே இருக்கட்டும், தோய்க்க வேண்டாம். இதைப் போனில் கேட்க வெட்கமாக இருந்தது.

உமது
சாரங்கன்