கையை விட்டது நீதான், ஏகாம்பரம்

என் உயிரோடு உயிராக இருந்த ஏகாம்பரத்துக்கு,

நேற்று உன்னைப் பாலாற்றங்கரையில் எரித்துவிட்டு வந்தோம். மிச்சமிருக்கிற ஒரு தோளால்தான் உன் பாடையைத் தூக்கினேன். இன்னொரு தோள் என்ன ஆனதென்று உனக்குத் தெரியும்.

சடுகுடுவில் பிடிக்கிற ஆள் என்றால் பிள்ளையார்பாளையத்தில் என் பேரைத்தான் சொல்வார்கள். பாடிக்கினு வருகிறவன் எவனாக இருந்தாலும் கணுக்காலில் விழுந்து மடக்கிவிடுவேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? என் இடது கை உன் வலது கையில் இருந்தது, அவ்வளவுதான். நீ இழுத்துப் பிடித்துக்கொள்வாய் என்று நம்பித்தானேடா பாய்ந்தேன்?

அந்த வாலாஜாபாத் ஆட்டத்தில் அவர்கள் ஆள் கோட்டுக்கு எகிறினான். நானும் பாய்ந்தேன். உன் கை இல்லை. தோள் தரையில் மோதி நொறுங்கியது. "வேர்வைப்பா, வழுக்கிக்கிச்சு"ன்னு நீ அழுத அழுகையைப் பார்த்து, நான்தான் உன்னைத் தேற்றினேன்.

ஆட்டம் போச்சு. தறியில் நாடா எறிய முடியாமல் நெசவும் போச்சு. இன்றைக்கும் அடுத்தவர் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துத்தான் சாப்பிடுகிறேன். அடுத்த மாசமே உன் தங்கச்சி காமாட்சியை, அன்றைக்குக் கோட்டுக்கு எகிறின அதே வாலாஜாபாத்துக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தாய். கட்டுப்போட்ட தோளோடு பந்தியில் நின்று பாயசம் ஊற்றினேனே, இளிச்சவாயன்!

நேற்று சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அவள் புருசன் தேம்பிக்கினே சொல்றான்: "எங்கப்பா அன்னிக்குக் கூட்டத்துல நின்னுக்கினு இருந்தாருண்ணா. பொண்ணு வீட்டான்கிட்ட நீ மாட்டினா சம்பந்தமே வேணாம்னுட்டாரு. மச்சான்கிட்ட சொன்னேன். தங்கச்சிக்காக விட்டுக் குடுத்தாரு. தங்கமான மனுசன். உங்களுக்கும் தெரியும்தானே?"

தங்கமான மனுசனாம்! நீ தங்கமாவதற்கு என் தோள்தானா கிடைத்தது? ஆட்டத்துக்கு முன்னாலேயே அவர்கள் பெண் பார்த்துவிட்டுப் போனதை என்னிடம் மறைத்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் சும்மா நின்றிருப்பேனே. காமாட்சி எனக்கும் தங்கச்சிதானே? இத்தனை வருசமாக இந்தத் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாயே, அப்போதாவது உண்மையைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

வீட்டுக்கு வந்ததும் காமாட்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, எங்கண்ணன் கை நெஜமாவே வழுக்கிச்சா?" அவள் புருசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாம்மா, வேர்வை"ன்னேன்.

நான் கண்மூடுகிற வரைக்கும் அவளுக்கு அது வேர்வைதான். சத்தியம். ஆனால் உன்னை மன்னித்தேன் என்ற சொல்லை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதே.

இப்படிக்கு,
உன் தங்கைக்கு இன்னும் அண்ணனாக இருக்கும்
துரைசாமி