பொதுச்சுவர்

மார்ச் 4, செவ்வாய்

தரகர் கடைக்கே வந்து விளம்பரத்தை வாசித்துக் காட்டினார். "நகரின் நடுவே, அமைதியான தெருவில், நூறு வயது கடந்த மூன்று மாடி வீடு. பூவேலை செய்த மேற்கூரை. தேக்குக் கதவுகள். பார்த்தவர் விடமாட்டார்." நான் பிறந்து வளர்ந்த வீட்டைத்தான் சொல்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மழைக்கு ஒழுகும் பின்னறைக்கு 'இயற்கையோடு இயைந்த அறை' என்று பெயர் வைத்திருக்கிறார்.

அந்தத் தெருவில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு, சட்டென்று முடிந்துவிடும் என்கிறார்.

அப்பா போன பிறகு வீடு அக்காவுக்கும் எனக்கும் பொது. அக்காவுக்கு விற்க வேண்டும். சரியாகச் சொன்னால் அத்தானுக்கு விற்க வேண்டும், அக்காவுக்கு அத்தான் சொன்னது நடக்க வேண்டும். எனக்கு? நான் ஒண்டிக்கட்டை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவனுக்கு மூன்று மாடி எதற்கு? சரி என்றுவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டை வாங்கிய பல் டாக்டர் தரைக்கு அடியில் கார் நிறுத்த இடம் தோண்டுகிறார். பல்லில் ஆரம்பித்துப் பூமிக்கு வந்துவிட்டார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இயந்திரம் ஓடும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

மார்ச் 13, வியாழன்

மாடிப்படிக்குப் பக்கத்தில், பொதுச்சுவரில், ஒரு கோடு. முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கோடு மேலேறி முதல் மாடி வரை போயிருக்கிறது. கடையிலிருந்து மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, விரிசலின் குறுக்கே இரண்டு பக்கமும் பிடிக்கும்படி பசை வைத்து ஒட்டினேன். சுவர் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும்.

மார்ச் 20, வியாழன்

உடைந்திருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று தரகர் ஒரு பெயின்டரோடு வந்து விரிசலை அடைத்துப் பூசிவிட்டார். "வயசானவங்க முகத்துல சுருக்கம் இருக்காதா சார்? கொஞ்சம் பவுடர் போட்டா போச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

இன்று வீடு பார்க்க ஒரு டீச்சர் வந்தார். கீழ்த்தளத்தில் மழலையர் காப்பகம் நடத்தி, மேலே குடியிருக்க நினைக்கிறார். மேற்கூரைப் பூக்களை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார். பிறகு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். "இங்க வெயில் படாது. குழந்தைங்க தூங்க மெத்தைய இந்தச் சுவரோரமா வரிசையாப் போட்டுடலாம்."

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று நான் சமையலறைக்குப் போய்விட்டேன். வீடு முழுக்கப் பெயின்ட் வாசனை.

மார்ச் 25, செவ்வாய்

அத்தான் போனில் பேசினார். "நல்ல இடம் அமைஞ்சிருக்கு. நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு, போதும்." ம் என்றேன். 'ம்' என்றால் என்ன அர்த்தம்? சம்மதமா? கேட்டுக்கொண்டேன் என்பதா?

மார்ச் 29, சனி

டீச்சர் அளவு நாடாவோடு வந்தார். பூசிய இடத்தில் கோடு மறுபடி தெரிய ஆரம்பித்திருந்தது. முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு மறைத்திருந்தார் தரகர்.

டீச்சர் குனிந்து நாடாவைத் தரையில் வைத்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"டீச்சர், இந்தச் சுவரோரம் குழந்தைங்களப் படுக்க வைக்காதீங்க."

"ஏன்?"

"சுவர் நகருது."

நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. தரகர் சிரிக்காமல் இருந்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

அக்கா போனில் ஒரு பிடி பிடித்தாள். "உனக்கு அந்த வீட்ட விட்டுப் போக மனசில்ல. அதுக்குச் சுவரு மேல பழியப் போடுற!" அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கண்ணாடியை நானா உடைத்தேன்?

ஏப்ரல் 5, சனி

அக்கா பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். சின்ன வயதில் அவள் இருந்த அறை, இரண்டாம் மாடி, பொதுச்சுவரை ஒட்டினாற்போல. அதிலேயே படுக்கை விரித்தாள். கீழ்த்தளத்தில் படுத்துக்கொள் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"இனிமே வர்றவங்ககிட்ட சொல்லு, வீட்டுக்காரியே இங்கதான் படுத்துக்கிறான்னு. அப்புறம் யாரு என்ன சொல்றாங்க பாப்போம்."

அத்தானின் யோசனையாம். அவர் வரவில்லை. அவருக்கு அங்கே வேலை இருக்கிறதாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சமையலறைக் கதவு தரையில் இழுபடுகிறது. முன்னறை ஜன்னல் சாத்தினால் திறக்கவில்லை. "மரம் ஊறியிருக்கு" என்கிறாள் அக்கா. மழை பெய்து எத்தனை நாளாகிறது!

நகராட்சிக்குப் போனேன். "பாரம்பரியக் கட்டடமாச்சே, அது வேற பிரிவு." அந்தப் பிரிவுக்குப் போனேன். "பூ வேலை, கதவு, முகப்பு, இதெல்லாம்தான் நாங்க. விரிசல் அவங்க." வீடு விழுந்தால் எந்தப் பிரிவு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

பக்கத்தில் சத்தமே இல்லை. இயந்திரம் ஓடியபோதுகூட இவ்வளவு பயம் இல்லை.

மேஸ்திரி தன் ஆட்களை வெளியே உட்கார வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "அடியில தண்ணி ஊறி மண்ணு கரையுது சார். டாக்டரு வெளியூர் போயிருக்காரு. நீங்க ரெண்டு நாள் வேற எங்கயாச்சும்…" மிச்சத்தைச் சொல்லவில்லை.

அக்காவிடம் சொன்னேன். "அவரையும் கூட்டு சேத்துட்டியா?" என்றாள். ஆனால் சாப்பிடும்போது இரண்டு தரம் அந்தச் சுவரைப் பார்த்தாள். நான் கவனித்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

எழுதிவிட வேண்டும்.

காலையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். மேலே தட்டும் சத்தம். ஓடினேன். அக்கா உள்ளே. தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள், கதவு வரவில்லை. நிலை நசுங்கிக் கதவைக் கடித்துப் பிடித்திருந்தது. ஜன்னலில் கம்பி. "தம்பி, சுவத்துல இருந்து மண்ணு கொட்டுதுடா. தம்பி!" எத்தனை வருஷமாச்சு அவ என்னத் தம்பின்னு கூப்பிட்டு.

இடித்தேன், உதைத்தேன். அசையவில்லை. மாடி ஜன்னலிலிருந்து மேஸ்திரியைக் கத்திக் கூப்பிட்டேன். அந்த நேரம் பார்த்து அத்தான் போன். அவர் குரலைக் கேட்டால் அக்காவுக்குத் தெம்பாக இருக்குமென்று ஸ்பீக்கரில் போட்டுக் கதவோரம் பிடித்தேன். அக்கா மாட்டிக்கிட்டா, கதவை உடைக்கப் போறோம் என்றேன்.

"உடைக்காத! உடைக்காதடா! பழைய தேக்கு, அந்தக் கதவுக்காகவே ஆள் வருவாங்க. கீழ கொஞ்சம் இழைச்சுப் பாரு."

உள்ளே தட்டுவது நின்றுவிட்டது.

மேஸ்திரி கடப்பாரையோடு வந்தார். கதவு நடுவில் பிளந்தது. அக்கா தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக வெளியே வந்தாள். செருப்புகூட இல்லை. படியில் இறங்கும்போது கைப்பிடி எங்களைவிட்டு விலகிப் போவது கண்ணுக்கே தெரிந்தது.

தெருவில் நின்றோம். மதியத்துக்குள் மாடிப்படி உட்கார்ந்துவிட்டது. பிறகு பொதுச்சுவர், அதோடு அக்காவின் அறை. பெரிய சத்தம்கூட இல்லை, யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. யாருக்கும் அடி இல்லை. அக்கா அழவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

கடை முதலாளி தன் வீட்டு மாடியில் ஓர் அறையும் சமையலறையும் கொடுத்திருக்கிறார். அக்கா சாப்பிட்டாள்.

ஏப்ரல் 26, சனி

வேலை முடிந்து அந்தத் தெரு வழியாக வந்தேன். முகப்பு மட்டும் நிற்கிறது, மரங்களை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அதை இடிக்கக்கூடாதாம், பாரம்பரியமாம். இரண்டு பிரிவு அதிகாரிகளும் இப்போது ஒன்றாக வந்து நிற்கிறார்கள். எங்கள் மாடி ஜன்னலுக்குள்ளே வானம் தெரிந்தது. தரகர் யாரோ ஒருவரிடம் கையை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் நிற்காமல் வந்துவிட்டேன்.

அன்று போனில் வந்ததைப் பற்றி அக்கா இன்றுவரை வாய் திறக்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அத்தான் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாள்.

மே 4, ஞாயிறு

அத்தான் அக்காவை அழைத்துப்போக வந்தார். அறையில் இருக்கிற ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் மேல் வழக்குப் போடுவது பற்றியும் வெறும் மனையாக விற்பது பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். நடுவில், "சரி, எடுத்து வைக்க என்ன இருக்கு, கிளம்பு" என்றார் சமையலறைப் பக்கம் பார்த்து.

அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பரிமாறினாள். குரலில் கோபமே இல்லை.

"சாப்பிட்டுட்டுப் போங்க."

'போலாம்' இல்லை, 'போங்க'. அத்தானுக்கு அது காதில் ஏறவில்லை. இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் வருவாள் என்று நின்றார்.

உள்ளே அக்கா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.