அப்பாவிடம் வராத பறவைகள்

அன்பு வாலுக்குட்டிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும்தான் எங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஆமாம் என்பாய், தெரியும். உன் அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டான், முதல் நாளே சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நின்றான், கேட்டால் கதவின் மேல் தப்பாம்.

பழைய கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது, கம்ப்யூட்டரில் சுவரில் படம் ஓடவிடுகிற இந்தப் படச்சுவர் வேலையை விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். பேசாமல் போய்விடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நம் ஊர்க் கண்காட்சிக்கே வந்திருக்கிற உன் சுவரைப் பார்க்காமல் பதில் எழுதக்கூடாது என்று அப்பா ஒரே பிடிவாதம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு தயாராகிவிட்டார், நானும் அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். இருட்டு அறை, சுவர் முழுக்க வெளிச்சம். எதிரே நின்றால் நம் உருவம் நிழலாகத் தெரிகிறது, கையை நீட்டினால் அந்த நிழலின் கையில் பறவைகள் வந்து உட்காருகின்றன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், கண்கூடக் கலங்கிவிட்டது. பிறகு அப்பா கையை நீட்டினார். ஒரு பறவையும் வரவில்லை, அவர் நிழலே விழவில்லை. முன்னே பின்னே தள்ளிப் பார்த்தேன், ம்ஹூம். அங்கிருந்த காவலாளி, கொஞ்சம் எழுந்து நிற்க முடியுமா, நின்றால்தான் சுவருக்கு ஆள் தெரியும் என்றார். எனக்கு வந்ததே கோபம், நிற்க முடிந்தால் நான் ஏனப்பா தள்ளிக்கொண்டு வருகிறேன் என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். அப்பா சிரித்துக்கொண்டே, "விடு, பறவைக்குத்தானே என்னைத் தெரியல" என்றார்.

தையல்காரி பெற்ற பெண் நீ, உன் அளவுக்கே ஊருக்கெல்லாம் சட்டை வெட்டலாமா? நின்றபடியே சோதித்திருப்பாய், ஒருமுறை உட்கார்ந்து பார்க்கத் தோன்றியிருக்காது. எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாம் போக மனமில்லாமல் அந்தச் சுவர் முன்னே நின்றதையும் பார்த்தேனே. அதனால் கம்பெனிக்காரர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிடு. அங்கே உன் இடத்தில் உட்கார ஆயிரம் பேர் கிடைப்பார்கள், இந்தச் சுவரைச் சரிசெய்ய உன்னை விட்டால் ஆளில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், கண் விழிக்காதே, நீ கைவைத்ததெல்லாம் துலங்கட்டும். கண்காட்சி இந்த மாதக் கடைசி வரைதான், மறந்துவிடாதே. அப்பா அதே சட்டையை மறுபடியும் இஸ்திரி போடச் சொல்லி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். எதற்கு என்றேன். "அவ சரி பண்ணிடுவா, உடனே கிளம்பணும்ல" என்கிறார்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அம்மா