காகம் நுழையாத பால்பெட்டி

இஞ்சாரும், என் மலர்,

இப்படிக் கூப்பிட்டால் அடுப்படியிலிருந்து "என்னப்பா?" என்று குரல் வரும். இனி வராது. தெரிந்துகொண்டுதான் கூப்பிடுகிறேன்.

ஜேர்மனியில், ஹனோவர் அகதி முகாமில் எனக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஓர் அறை. வெளியே பனி. ஊரிலிருந்து உம்முடைய அண்ணையின் கடிதம் போன கிழமைதான் வந்தது. உமக்குக் காய்ச்சலாம், ஊரடங்காம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லையாம், போய்விட்டீராம். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரட்டும், பிறகு கூப்பிடுகிறேன் என்று உம்மை ஊரில் நிறுத்திவைத்தவன் நான். அந்தப் பதில் இன்னும் வரவில்லை. நான் யாரைக் கோபிக்க?

பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. வாய் வரவில்லை, மலர். சின்னவள் ஒவ்வொரு காலையும் "அம்மா எப்ப வாறா?" என்கிறாள். "வருவா" என்கிறேன்.

நேற்று நீர் போய் முப்பத்தோராம் நாள். சடங்கு செய்ய ஐயருக்கு எங்கே போவேன்? காகத்துக்கு ஒரு பிடி சோறாவது வைப்போம் என்றால், ஜன்னல் விளிம்பில் சாப்பாடு கண்டால் எலி வரும் என்று முகாமைப் பார்க்கிற ஹவுஸ்மைஸ்டர் கத்துவான். குருவிக்குத் தீனிப்பெட்டி தொங்கவிட்டால் மட்டும் பேசமாட்டான்.

நல்லகாலம், பெரியவள் சுகந்தி அதைப் பள்ளிக்கூடத்தில் பழகியிருந்தாள். வெறும் பால்பெட்டியைக் கழுவி, ஒரு பக்கத்தில் வட்டமாய் ஓட்டை வெட்டினாள். குருவி குந்துவதற்குச் சின்னவள் தன் பென்சிலைக் கொடுத்தாள். ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடிக்கிற ஆள் நான், உமக்குத் தெரியாததா? பெட்டியைத் தொங்கவிடுகிற கம்பளி நூலைக்கூடக் கட்ட வரவில்லை.

"விடுங்கோ அப்பா, நான் கட்டிறன்."

சூரியகாந்தி விதை போடவேண்டிய இடத்தில் நான் மெல்லச் சோற்றை வைத்தேன். சுகந்தி பிடித்துவிட்டாள்.

"உப்புச் சோறு திண்டால் குருவி செத்துப்போகும் எண்டு டீச்சர் சொன்னவ!"

"உப்புப் போடேல்லை, பிள்ளை."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று என் சமையலைப் பார்த்துச் சிரிப்பீரே, அந்தச் சமையல்தான் உமக்குக் கடைசியில்.

குருவிகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. பிறகு ஒரு காகம் வந்தது. பெட்டியைச் சுற்றிச் சிறகடித்தது. தலை உள்ளே போகவில்லை. மரத்துக்கே திரும்பிவிட்டது. குருவிக்கு அளவாய் ஓட்டை வெட்டவிட்டு, காகத்தைக் கூப்பிட்ட மடையன் நான். "கா... கா..." என்று அந்த மரத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன்.

சுகந்தி என்னையே பார்த்தாள். என் அம்மா செத்தபோது நீர் காகத்துக்குச் சோறு வைத்தீர்; உமது சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

தங்கச்சியைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினாள்.

"அப்பா... அம்மாவுக்கோ?"

நான் குனிந்து, சிந்திய சோற்றைப் பொறுக்கினேன். அவள் பெட்டியை உள்ளே இழுத்தாள். கத்தரிக்கோலை எடுத்து ஓட்டையைப் பெரிதாக வெட்டினாள். அட்டை வளைந்தது, நான் பிடித்துக்கொடுக்கக்கூட இல்லை. அவளே திரும்பத் தொங்கவிட்டாள்.

"இப்ப காகம் வரும். தங்கச்சிக்குச் சொல்லாதேங்கோ அப்பா. அவ சின்னப்பிள்ளை."

இவளுக்கு எட்டு வயது, மலர்.

காகம் வந்து தின்றதாம். நான் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பாரத்தை அவள் தலையில் விடமாட்டேன். இன்று காலை சின்னவள் கேட்கும்போது "வருவா" என்று சொல்லமாட்டேன். இரண்டு பேரையும் அணைத்துக்கொண்டு நானே சொல்வேன். இது உமக்குத் தருகிற வாக்கு. எந்தச் சொல்லில் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. இப்படியானதை எல்லாம் உம்மிடம்தானே கேட்பேன்?

சின்னவள் எழும்புகிறாள்.

உம்முடைய இரண்டு பெண்பிள்ளைகளின்
அப்பா